கேமரா நின்ற இடம்: எளிய கருவிகளால் ஒளிப்புலத்தைப் பதிவுசெய்தல்

ஒரு மேசைமேல் டாரோ சீட்டுகள் பரப்பியிருக்கின்றன. நடுவே ஒரு கண்ணாடிக் கோளம். கோளத்தின் வழியே பார்த்தால் சீட்டுகள் தலைகீழாகவும் ஓரங்களில் வளைந்து இழுபட்டும் தெரிகின்றன. பார்க்கும் இடத்தைச் சற்று நகர்த்தினால் மேசைமேல் உள்ள சீட்டுகள் ஒரு கணக்கிலும் கோளத்துக்குள் தெரியும் சீட்டுகள் வேறொரு கணக்கிலும் நகர்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணினி வரைகலை ஆய்வகம் 2008இல் பொதுவில் வைத்த ஒளிப்புலத் தொகுப்பில் இந்தக் காட்சி இருக்கிறது. 17 வரிசை, 17 நிரல் என மொத்தம் 289 ஒளிப்படங்கள். எடுத்தது கேனன் டிஜிட்டல் ரெபெல் எக்ஸ்டிஐ என்ற, கடையில் வாங்கக்கூடிய கேமரா. அதை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்திய சட்டகம் லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் விளையாட்டுத் துண்டுகளாலும் அதன் மோட்டார்களாலும் ஆண்ட்ரூ ஆடம்ஸ் கட்டியது.

இதே கோளத்தை விலையுயர்ந்த லேசர் ஸ்கேனரிடம் கொடுத்தால் அது திணறும். லேசர் கோடு கண்ணாடியின் மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே புகுந்து வளைந்து வேறெங்கோ விழும். வடிவத்தை அளந்து, அதன்மேல் நிறம் பூசி, பிறகு ஒளி எப்படிப் போகும் என்று கணக்கிடும் முப்பரிமாண முறைக்குக் கண்ணாடி, படிகம், பட்டு, மெருகேற்றிய உலோகம் எல்லாமே சோதனைதான். ஒளிப்புல முறை வேறு வழியில் போகிறது. பொருளின் வடிவத்தை அது கேட்பதில்லை. பொருளிலிருந்து வெளியேறி வரும் கதிர்களை, எந்த இடத்துக்கு எந்தத் திசையிலிருந்து எந்த நிறத்தில் வந்தன என்று பதிந்துகொள்கிறது. கண்ணாடிக்குள் ஒளி எத்தனை முறை வளைந்தது என்பது அதற்குத் தேவையில்லாத செய்தி.

இந்த நுட்பம் ஆய்வகங்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. ஒளிப்புலப் பதிவுக்கு இன்றியமையாத செய்தி ஒன்றுதான்: ஒவ்வொரு படத்தையும் எடுத்தபோது கேமரா எங்கே நின்றது, எந்தப் பக்கம் பார்த்தது. அதைத் துல்லியமான இயந்திரத்தால் உறுதிசெய்யலாம். படம் எடுத்தபின் கணக்கிட்டும் கண்டுபிடிக்கலாம். இயந்திரத்தின் சுமையைக் கணக்கு ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ள, கருவி மலிவாகிக்கொண்டே வந்தது.

ஒளிப்புலம் என்ற கருத்துக்கு வயது அதிகம். ஃபிரெஞ்சு இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன் 1908இல், ஒரே தட்டில் நூற்றுக்கணக்கான நுண்லென்ஸ்களைப் பதித்து, ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து பார்த்த காட்சியைத் தனித்தனியே பதியும் முறையை முன்வைத்தார். வேறொரு கண்டுபிடிப்பான வண்ண ஒளிப்பட முறைக்காக அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நுண்லென்ஸ் வரிசையைச் சரியாகச் செய்யும் தொழில்நுட்பம் அன்று இல்லை. திருவிழாக் கடைகளில் விற்கும், இப்படிச் சாய்த்தால் ஒரு சாமியும் அப்படிச் சாய்த்தால் இன்னொரு சாமியும் தெரியும் வரிப்பள்ளப் பிளாஸ்டிக் படங்கள் அந்த யோசனையின் நெருங்கிய உறவினர்கள். ஒளிப்புலம் என்ற பெயரைத் தன் நூலுக்கு இட்டு, வெளியில் பாயும் ஒளியைக் கணிதமாக்கியவர் சோவியத் இயற்பியலாளர் ஆந்த்ரே கெர்ஷுன், ஆண்டு 1936.

கணினி வரைகலைக்குள் இது வந்து சேர்ந்தது 1996இல். அந்த ஆண்டின் சிக்கிராஃப் மாநாட்டில் இரண்டு கட்டுரைகள் பக்கத்துப் பக்கத்தில் வெளியாயின. ஒன்று, ஸ்டான்ஃபோர்டின் மார்க் லெவாய், பேட் ஹான்ரஹான் இருவரும் எழுதியது. மற்றொன்று, மைக்ரோசாஃப்ட் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஸ்டீவன் கோர்ட்லர், ராடெக் கிர்ஷெஷ்சுக், ரிச்சர்ட் ஸெலிஸ்கி, மைக்கேல் கோஹன் எழுதிய ‘லூமிகிராஃப்’. இரண்டின் அடிப்படையும் ஒன்றே. வெளியில் ஒரு புள்ளியைக் குறிக்க மூன்று எண்கள், அங்கிருந்து பார்க்கும் திசையைக் குறிக்க இரண்டு எண்கள், ஆக ஐந்து எண்கள் வேண்டும். ஆனால் தடையில்லாத காற்றில் செல்லும் கதிர் போகும் வழியில் நிறம் மாறுவதில்லை. எனவே கதிர் நெடுகிலும் ஒரே மதிப்புதான். ஒரு எண் மிச்சம். இரண்டு இணைத் தளங்களை மனத்தில் நிறுத்திக்கொண்டால், ஒரு கதிர் முதல் தளத்தை எங்கே துளைக்கிறது, இரண்டாவது தளத்தை எங்கே துளைக்கிறது என்ற நான்கு எண்களே அதைச் சொல்லிவிடும். முதல் தளம் கேமராக்கள் நிற்கும் இடம். இரண்டாவது, படத்தின் பிக்சல்கள்.

இதன் பயன் பெரியது. கேமரா ஒருபோதும் நிற்காத ஓர் இடத்திலிருந்து காட்சி எப்படித் தெரியும் என்று கேட்டால், அந்தப் புதிய பார்வைக்கு வேண்டிய ஒவ்வொரு கதிரையும் பழைய படங்களில் தேடி எடுத்துக் கோத்துவிடலாம். வடிவம் தெரிய வேண்டாம், விளக்கு எங்கே இருந்தது என்று தெரிய வேண்டாம். தேடி எடுப்பது மட்டுமே வேலை.

கருத்து ஒன்றாக இருந்தாலும் பதிவுசெய்த விதத்தில் இரு குழுக்களும் எதிரெதிர்ப் பாதையில் போயின. லெவாயும் ஹான்ரஹானும் கணினியால் இயங்கும் சட்டகத்தில் கேமராவை ஏற்றினார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்பதை மோட்டார் சொல்லிவிடும். லூமிகிராஃப் குழு சாதாரண வீடியோ கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு பொருளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தது. கேமரா நின்ற இடத்தை அவர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. இரண்டு சுவர்களும் ஒரு தரையும் கொண்ட சிறு மேடையைச் செய்து, அதற்கு வெளிர்நீல வண்ணம் பூசி, அதில் ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்களைக் குறிகளாக வரைந்தார்கள். குறிகளின் உண்மையான இடங்கள் தெரியும். படத்தில் அவை விழுந்த இடங்களும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் கேமராவின் நிலை கணக்கில் வந்துவிடும். நீலப் பின்னணியிலிருந்து பொருளின் வெளிவிளிம்பைப் பிரித்தெடுத்து, அதன் தோராய வடிவத்தையும் பெற்றார்கள். கை நகர்ந்த வழி ஒழுங்கற்றதாக இருக்கும், சில இடங்களில் படங்கள் நெருக்கமாகவும் சில இடங்களில் அரிதாகவும் அமையும். அந்த இடைவெளிகளை நிரப்பத் தனியாக ஒரு கணிப்பு முறையையும் வகுத்தார்கள். இன்று கைபேசியைச் சுழற்றிப் பிடித்து முப்பரிமாணக் காட்சி எடுப்பவர்கள் அனைவரும் நடப்பது இந்தப் பாதையில்தான். 1996இன் இரண்டு கட்டுரைகளில் முதலாவதே அதிகம் பேசப்படுகிறது. எளிய கருவியை நம்புகிறவர்களுக்கு இரண்டாவதே மூலநூல் என்பேன்.

இயந்திரப் பாதையின் உச்சம் ஃபுளோரன்ஸ் நகரில் நடந்தது. மெடிச்சி சிற்றாலயத்தில் உள்ள மைக்கலாஞ்சலோவின் ‘இரவு’ சிற்பத்தை லெவாயின் குழு 1999இல் ஒளிப்புலமாகப் பதிந்தது. ஏழு பலகங்கள், ஒவ்வொன்றிலும் 62க்கு 56 படங்கள், மொத்தம் 24,304 படங்கள். பெரிய சட்டகம், பல மணி நேரம். ஒரு சிற்றூர் அருங்காட்சியகமோ தனி ஆய்வாளரோ நினைத்தும் பார்க்க முடியாத வேலை.

அப்படியானால் எத்தனை படங்கள் போதும்? இந்தக் கேள்விக்கு 2000இல் ஜின்ஷியாங் சாய், ஹியுங்-யியுங் ஷும் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை தெளிவான விடை தந்தது. காட்சியில் மிக அருகிலுள்ள பொருளும் மிகத் தொலைவிலுள்ள பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதே முடிவுசெய்யும். கணக்கை ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். கைபேசிப் படத்தை 1000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிக்கொள்கிறோம். வழக்கமான கைபேசி லென்ஸில் அதன் குவியத் தூரம் பிக்சல் கணக்கில் ஏறத்தாழ 750. பொருள் கேமராவிலிருந்து 80 செ.மீ. முதல் 120 செ.மீ. வரை பரவியிருக்கிறது. கேமராவை 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால் முன்விளிம்பு படத்தில் சுமார் 0.94 பிக்சல் நகரும், பின்விளிம்பு 0.63 பிக்சல் நகரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தளத்தை, இங்கே 96 செ.மீ. தூரத்தில், தேர்ந்தெடுத்து அதை மட்டும் சரியாகப் பொருத்தினால், இரு ஓரங்களிலும் மிஞ்சும் பிழை ஒவ்வொரு மி.மீ. நகர்வுக்கும் 0.16 பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. அது ஒரு பிக்சலைத் தாண்டாமல் இருக்க வேண்டுமென்றால் அடுத்தடுத்த படங்களுக்கு இடையே 6.4 மி.மீ. வரை நகரலாம். 30 செ.மீ. நீளத்துக்கு 48 படங்கள்.

மேசை டிராயருக்குப் போடும் இரும்பு ஸ்லைடு ஒன்று, அதன் ஓரத்தில் ஒட்டிய ஸ்டீல் ஸ்கேல், கைபேசியைப் பிடிக்க ஒரு கிளிப்: ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் இவற்றால் இந்த 48 படங்களையும் எடுத்துவிடலாம். மேலும் கீழும் நகரும் பார்வையும் வேண்டுமென்றால் 48க்கு 48, அதாவது 2,304 படங்கள். அங்கேதான் மோட்டார் தேவைப்படுகிறது. முதல் முயற்சிக்குப் பக்கவாட்டு நகர்வு மட்டுமே போதுமானது. நம் இரு கண்களும் பக்கவாட்டில்தான் அமைந்திருக்கின்றன. ஆழத்தை உணர அந்த ஒரு திசையே பெரிதும் உதவுகிறது. படத்தின் அகலத்தை 4000 பிக்சலாகவே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் இடைவெளி 1.6 மி.மீ. ஆகச் சுருங்கும். கூர்மைக்கு ஏங்குகிறவர்கள் முதலில் இந்த விலையை அறிந்துகொள்ள வேண்டும்.

இதில் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. கணக்கில் போடும் தூரம் பொருளின் தூரம் மட்டுமல்ல. கண்ணாடியில் தெரியும் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலவே நகரும். கண்ணாடிக் கோளத்துக்குள் தெரியும் சீட்டுகளுக்கும் தமக்கென ஒரு தோற்றத் தூரம் உண்டு. பளபளக்கும் பொருளை எடுக்கும்போது அதில் பிரதிபலிக்கும் சன்னலையும் காட்சியின் ஆழத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் பொருள் சரியாக நகரும், அதன்மேல் உள்ள மினுக்கம் இரட்டையாகத் தெறிக்கும். டாரோ சீட்டுக் காட்சியை ஸ்டான்ஃபோர்டு குழு அகன்ற இடைவெளியில் ஒன்றும் நெருங்கிய இடைவெளியில் ஒன்றுமாக இருமுறை பதிந்து வைத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்கூடாகத் தெரியும்.

விளையாட்டுத் துண்டுகளால் ஆன சட்டகமோ டிராயர் ஸ்லைடோ ஆடாமல் அசையாமல் நகரப்போவதில்லை. கேமரா ஒவ்வோர் இடத்திலும் இம்மியளவு சாயும், திரும்பும். இதைத் திருத்தும் வழியை வைபவ் வைஷும் ஸ்டான்ஃபோர்டு குழுவினரும் 2004இல் எழுதினார்கள். பொருளுக்குப் பின்னால் நுணுக்கமான வடிவங்கள் நிறைந்த தட்டையான தாள் ஒன்றை நிறுத்திவிடுவது முதல் வேலை. அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டிய செய்தித்தாள் பக்கம்கூடப் போதும். எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அந்தத் தாள் ஒரே இடத்தில் விழும்படி ஒவ்வொரு படத்தையும் கணினியில் இழுத்து, திருப்பி, பொருத்த வேண்டும். கேமராவின் சாய்வும் திரும்பலும் இந்தப் பொருத்தத்திலேயே கழிந்துவிடும். பிறகு தாளுக்கு முன்னால் உள்ள ஏதேனும் ஒரு புள்ளியைப் பின்தொடர்ந்தால், அது படத்துக்குப் படம் எவ்வளவு இடம் மாறுகிறதோ அதே விகிதத்தில் கேமராவும் நகர்ந்திருக்கிறது என்று பொருள். கேமராக்கள் நின்ற தளம் தாளுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. லென்ஸின் உள்ளளவுகள் எதுவும் தெரியாமலே கேமரா நின்ற இடங்கள் கிடைத்துவிடுகின்றன. மலிவான கருவியை மரியாதைக்குரிய கருவியாக ஆக்கியது இந்தக் கணக்கு.

பொருத்திய படங்கள் கையில் வந்ததும் செய்துபார்க்க வேண்டிய முதல் சோதனை மறுகுவியம். ஒவ்வொரு படத்தையும் அதன் கேமரா நின்ற இடத்துக்கு ஏற்ப நகர்த்தி, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால், ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ளவை மட்டும் கூர்மையாக நின்று மற்றவை கரைந்துபோகும். நகர்த்தும் அளவை மாற்றினால் கூர்மை வேறு தூரத்துக்குத் தாவும். 30 செ.மீ. நீளத்துக்கு எடுத்த படங்கள் 30 செ.மீ. அகலமுள்ள லென்ஸைப்போல நடந்துகொள்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் 100 கேமராக்களை அடுக்கி அமைத்த கருவி செடிகொடிகளுக்குப் பின்னால் மறைந்திருப்பவரைக் காட்டியது இதே கூட்டலால்தான். முன்னே உள்ள இலைகள் சராசரியில் மங்கிப்போகும். படங்களைக் கூட்டத் தெரிந்த எந்த மாணவரும் சில வரி நிரலில் இதை எழுதிவிடலாம்.

படமெடுக்கும்போது சிக்கனம் செய்யக் கூடாத இடங்களும் உண்டு. கைபேசி ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்ச அளவை, வெண்மைச் சமநிலையை, ஃபோகஸைத் தானே மாற்றும். மூன்றையும் பூட்டிவிட வேண்டும். எச்டிஆர் கூடாது. நடுக்கத்தைத் தடுக்கும் வசதி சில கைபேசிகளில் லென்ஸையே அசைக்கும். அணைக்க முடிந்தால் அணைப்பது நல்லது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன, ஆகவே ஷட்டர் நேரத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைக்க வேண்டும். சன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் மேகம் கெடுக்கும். பொருள் அசையவே கூடாது. பூவைத் தேர்ந்தெடுத்தவர்கள் மின்விசிறியை நிறுத்த வேண்டும்.

இயந்திரச் சட்டகமும் நகரும் கேமராவும் தவிர வேறு எளிய வழிகளும் வந்தன. எம்ஐடியில் ஜேசன் யாங் 2000இல் தாள்களை நகலெடுக்கும் தட்டை ஸ்கேனர் மேல் லென்ஸ்களை வரிசையாகப் பதித்து அதையே ஒளிப்புலக் கேமராவாக்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரும் உடன் ஆய்வாளர்களும் 64 சாதாரண வீடியோ கேமராக்களை எட்டுக்கு எட்டாக அடுக்கி அசையும் காட்சியையே பதிந்தார்கள். தைவான் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2008இல், லென்ஸின் துவாரத்தில் துளைகள் வெட்டிய தாள் சுருளை ஓட்டி, ஒவ்வொரு துளை வடிவத்துக்கும் ஒரு படம் எடுத்து, அவற்றிலிருந்து ஒளிப்புலத்தைக் கணக்கிட்டது. சென்னை ஐஐடியில் இளநிலைப் பொறியியல் படித்த அசோக் வீரராகவன், ரமேஷ் ராஸ்கர் முதலானோருடன் சேர்ந்து 2007இல், கேமராவின் உள்ளே சென்சாருக்கு அருகே வடிவம் அச்சிட்ட மெல்லிய மறைப்பு ஒன்றை வைத்தே கதிர்களின் திசையைப் பிரித்துக் காட்டினார். நுண்லென்ஸ் எதுவும் இல்லை.

லிப்மனின் கனவுக்கு மிக நெருங்கியது ரென் இங் 2005இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த கைக்கேமரா. 1.6 கோடி பிக்சல் சென்சாரின் முன்னால் நுண்லென்ஸ் வரிசையை வைத்தார். திசைகளைப் பதிவதற்காகப் பிக்சல்களைச் செலவிட்டதால் கடைசியில் கிடைத்த படம் 292க்கு 292 பிக்சல். அந்த ஆய்வே லைட்ரோ நிறுவனமாக வளர்ந்து 2012இல் கேமராவாகக் கடைக்கு வந்தது. நேர்த்தியான கருவி, ஆனால் அதன் பார்வை லென்ஸின் அகலத்துக்குள் அடங்கியது. பொருளைச் சற்றே பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் அரையடி டிராயர் ஸ்லைடு அதைவிட அதிகம் தரும். அசையாப் பொருள்களைப் பதிய விரும்புகிறவர்களுக்கு நான் ஸ்லைடையே பரிந்துரைப்பேன்.

2019இல் பென் மில்டன்ஹால் முதலானோர் கைபேசியால் பதிவதற்கென்றே ஒரு முறையை வெளியிட்டார்கள். அடுத்த படத்தை எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று திரையே வழிகாட்டும். ஒவ்வொரு படத்தையும் கணினி பல ஆழ அடுக்குகளாகப் பிரித்துக்கொள்வதால், மேலே சொன்ன ஒரு பிக்சல் விதி 64 பிக்சல் வரை தளர்கிறது. இரு திசைகளிலும் 64 மடங்கு. பெருக்கினால் ஏறத்தாழ 4,000 மடங்கு குறைவான படங்கள். மறு ஆண்டே அதே ஆய்வாளர்களில் பலர் சேர்ந்து வெளியிட்ட, நரம்பு வலைப்பின்னலைப் பயன்படுத்தும் நெர்ஃப் முறையும், 2023இல் வந்த காஸியன் தெறிப்பு முறையும் இந்தத் துறையின் முகத்தையே மாற்றிவிட்டன. கேமரா நின்ற இடங்களைப் படங்களிலிருந்தே கண்டுபிடிக்கும் கோல்மேப் போன்ற இலவச மென்பொருள்கள் இப்போது எல்லோருக்கும் கிடைக்கின்றன. குறிவட்டம் வரைந்த மேடைகூட வேண்டாம்.

ஆனாலும் நெருக்கமாக எடுத்த பழைய பாணி ஒளிப்புலத்தைக் கைவிட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. புதிய முறைகள் படங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்புகின்றன. கதிர் நேர்கோட்டில் செல்கிறது என்ற அனுமானம் அவற்றின் அடித்தளத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி வளையும்போது அது பொருந்துவதில்லை. இல்லாத ஆழங்களைக் கற்பித்துக்கொண்டு அவை சமாளிக்கின்றன. பார்ப்பதற்கு அழகாக இருக்கலாம். ஒரு படிகத்தையோ நெய்த பட்டையோ ஆவணமாகப் பதியும்போது, நிறைந்திருப்பது அளந்த ஒளியா, ஊகித்த ஒளியா என்பது முக்கியமான வேறுபாடு.

சேமிப்பிலும் இதே கண்டிப்பு வேண்டும். லைட்ரோ தன் படங்களைத் தனக்கே உரிய கோப்பு வடிவத்தில் வைத்திருந்தது. வாடிக்கையாளர்கள் படங்களைப் பகிர்ந்து, ஃபோகஸை மாற்றி மாற்றிப் பார்த்துவந்த அதன் இணையச் சேவை 2017 இறுதியில் நின்றது. அடுத்த ஆண்டு நிறுவனமே மூடப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு தொகுப்பில் பொருத்தித் திருத்திய படங்கள் சாதாரண பிஎன்ஜி கோப்புகள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலேயே வரிசை எண்ணும் நிரல் எண்ணும் கேமரா நின்ற இடத்தின் இரு அளவுகளும் தசமப் புள்ளிகளோடு எழுதப்பட்டிருக்கின்றன. தனி மென்பொருள் எதுவும் தேவைப்படாததால், 2008இல் பிறந்தே இராத நரம்பு வலைப்பின்னல் முறைகளும் இன்று அதே படங்களில் சோதிக்கப்படுகின்றன. வீட்டிலோ ஊர் அருங்காட்சியகத்திலோ பதிவுசெய்கிறவர்களும் சுருக்காத மூலப் படங்களை எல்லோரும் திறக்கக்கூடிய வடிவத்தில் வைக்க வேண்டும். படிக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினார்கள், பின்னால் நிறுத்திய தாள் எத்தனை செ.மீ. அகலம், அது கேமராவிலிருந்து எவ்வளவு தூரம், எந்த விளக்கு, எந்த ஷட்டர் நேரம் என்பவற்றை ஒரு எளிய உரைக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் சேர்க்க வேண்டும்.